ஸ்கின் கலர்

திருப்பூரில் ‘ஸ்கின் கலர்’ என்று ஒரு நிறம் இருக்கிறது. கடையில் போய்க் கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துப் போடுவார்கள். பாலில் டீத்தண்ணியை நாலு சொட்டு விட்டு, அதையும் மனசில்லாமல் விட்ட மாதிரி ஒரு வெளிறல். உள்பாவாடை, சிம்மீஸ், லெக்கின்ஸ், ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் வெயிலுக்கு முழங்கை வரை மாட்டிக்கொள்கிற கை உறை, எல்லாமே ஸ்கின்னில் வரும். அந்தத் தோலோடு ஒரு மனுஷியை மயிலாள் இதுவரை பார்த்ததில்லை. துணியை வெட்டுகிறவனுக்கு அந்த நிறம் இல்லை, தைக்கிறவளுக்கு இல்லை, காதர்பேட்டையில் மூட்டை சுமக்கிறவனுக்கும் இல்லை. அப்புறம் அது யாருடைய தோல் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

மயிலாள் அந்த ஸ்கின்னைத்தான் நாள் முழுக்கத் தைக்கிறாள். பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பிறந்தது கணியூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது அவிநாசிபாளையத்தில். புருஷன் நல்லான் குட்டி யானை வண்டி ஓட்டிப் பனியன் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் அம்மா, “புள்ள மாநெறமுங்க” என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து, “இல்லீங்க, கறுப்புங்க” என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கட்டினேன், மூஞ்சியை அப்புறந்தான் பார்த்தேன் என்று நல்லான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அவன் சொல்வதில் தப்பில்லை. அப்படி ஒரு குரல். வரிசையாக மெஷின்கள் ஓடுகிற ஹாலில் இந்த முனையிலிருந்து அவள் “நூலு தீந்துருச்சுங்க” என்று சொன்னால் அந்த முனையில் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார். கத்த மாட்டாள், சாதாரணமாகத்தான் சொல்வாள். கனத்த குரல், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். இவளுக்கு இன்னொன்றும் உண்டு: முகச்சுளிப்பு. பிடிக்காததைப் பார்த்தால் மூக்கின் இரண்டு பக்கமும் மடிந்து மேலுதடு தூக்கிக்கொள்ளும். கான்டீன் சாம்பாரிலிருந்து முதலாளி மகன் போட்டுவரும் சென்ட் வரைக்கும் அந்தச் சுளிப்புக்குத் தப்பியது எதுவும் இல்லை. மறைக்கத் தெரியாது, மறைக்க வேண்டும் என்று நினைத்ததும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே அவளுக்கு நாடகப் பைத்தியம். ஆண்டு விழா வந்தால் பேர் கொடுக்கிற முதல் ஆள் அவள்தான். வாத்தியார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேஷம் கொடுப்பார். ஒரு வருஷம் அரக்கி, ஒரு வருஷம் எமன், ஒரு வருஷம் ராத்திரி. ஆமாம், ராத்திரிதான். கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மேடையின் ஓரத்தில் நிற்க வேண்டும். சூரியனாக வருகிற வெளுத்த பையன் வந்ததும் ஓடிவிட வேண்டும். அடுத்த வருஷம் இளவரசியாக நின்ற செட்டியார் வீட்டுப் பெண் வசனத்தை மறந்து விழித்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து மயிலாள் மொத்த வசனத்தையும் பேசி முடித்தாள். கைதட்டல் முன்னால் நின்றவளுக்கு. அன்றிலிருந்து மயிலாளின் இடம் திரைக்குப் பின்னால் என்று யாரோ எழுதி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

கம்பெனியிலும் அதுவே தொடர்ந்தது. எச்.ஆர். மேனேஜர் தீனதயாளனுக்கு நாடகம் எழுதுகிற வியாதி. ஆயுத பூஜை, மே தினம், ஆண்டு விழா எது வந்தாலும் ஒரு நாடகம் போட்டுவிடுவார். கதாநாயகியாக நிற்பதற்கு ஆபீசிலிருந்தோ பேக்கிங் செக்சனிலிருந்தோ வெளுத்த பெண் ஒருத்தியைப் பிடித்து வருவார். பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த பெண்கள். தமிழ் வாயில் நுழையாது. அவள் முன்னால் நின்று வாயை அசைக்க, மயிலாள் பின்னால் மைக் முன் நின்று பேசுவாள். ஒரு தடவை நல்லான் நாடகம் பார்க்க வந்துவிட்டு, போகிற வழியில் சொன்னான்: “உன்ற சத்தம் கேட்டுது புள்ள. ஆளத்தான் காணோம்.”

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது, அதை நல்லானிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை, தன் குரலும் தன் மூஞ்சியும் சேர்ந்து ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வயசு போய்க்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நாளில் மாமியார் வேஷத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

இந்த வருஷம், கம்பெனியின் சரக்கை மொத்தமாக வாங்குகிற வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு உத்தரவு வந்தது. கம்பெனியில் நிற வேற்றுமை கூடாது, எல்லாரும் சமம் என்பதைத் தொழிலாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், நிகழ்ச்சி நடத்தி வீடியோ அனுப்ப வேண்டும். கான்டீன் டி.வி.யில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் அந்த நாடுகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களாக நடித்து, பல்லை இளித்து, ஆடிக் காட்டினார்களாம். கறுப்பு நடிகர்களுக்கு மேடை கொடுக்காமல் அவர்கள் மூஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். தீனதயாளன் படத்தை நிறுத்திவிட்டு, “பாத்தீங்களா, எவ்வளவு கேவலமுங்க. மனுசங்களா இவங்க?” என்று உச்சுக் கொட்டினார். மயிலாளுக்கு அந்த இளிப்பைப் பார்த்ததும் மூக்கு மடிந்தது. மடிந்தது மடிந்தபடியே மெஷினுக்குத் திரும்பினாள்.

சாயந்தரம் நாடகக்காரர்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாடகத்தின் பெயர் ‘நிறமெல்லாம் ஒன்று’. கதை இதுதான்: கறுப்பாகப் பிறந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்ட புருஷன் அவளைக் கரிச்சட்டி என்று கொடுமைப்படுத்துகிறான். அவனுக்கு நோய் வருகிறது. அவள் பணிவிடை செய்து பிழைக்க வைக்கிறாள். அவன் திருந்துகிறான். கதையைக் கேட்கக் கேட்க மயிலாள் ஓரடி முன்னால் நகர்ந்தாள். கறுப்புக் கதாநாயகி! இனி இவரால் எந்த வழியாகவும் தப்பிக்க முடியாது என்று நினைத்தாள்.

அவர் தப்பித்தார். “கதாநாயகி நம்ம பேக்கிங் செக்சன் பிங்கிங்க. முகத்துக்குக் கறுப்பு மேக்கப் போட்டுக்கலாமுங்க. குரல் வழக்கம்போல நம்ம மயிலா.”

பிங்கி பீகாரிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண். எலுமிச்சை நிறம். என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது பாவம்.

மயிலாள் கேட்டுவிட்டாள். “ஏனுங்க சார், கறுப்பு வேசந்தானுங்களே. நானே நிக்கறனுங்க. வசனமும் எனக்குத் தெரியும், மேக்கப்புச் செலவும் இல்லீங்க.”

தீனதயாளனிடம் கெட்ட வார்த்தை கிடையாது. யாரை மிதித்தாலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மிதிக்கிற மரியாதைக்காரர். “தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. கறுப்பா இருக்கறவங்க கறுப்பா நடிச்சா அதுல நடிப்பு எங்கீங்க இருக்குது?” என்றார்.

“வெள்ளையா இருக்கறவங்க இத்தன வருசமா வெள்ளையாத்தானுங்களே நின்னாங்க? அதுல நடிப்பு எங்கீங்க இருந்துச்சு?”

“அது வேறைங்க.”

“மத்தியானம் டி.வி.ல பாத்தமுங்களே, மூஞ்சிக்குக் கரி பூசறது கேவலம்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

“அது அவங்க ஊர்ல தப்புங்க. நம்மூர்ல அது மேக்கப்புங்க.” சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். புருஷன் வேஷம் போடுகிற கட்டிங் மாஸ்டர் முருகேஷ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான், சிரிப்பை மறைக்கத்தான்.

அன்று ராத்திரி வீட்டில் அவள் சோறு தின்னவில்லை. “உட்டுத் தொலை புள்ள, நாடகமே வேண்டாம்னு சொல்லீரு” என்றான் நல்லான். “நான் எதுக்கு உடறது? கதை என்னுது” என்றாள் அவள்.

நாடகத்தில் பிங்கியின் கைகளும் கறுப்பாகத் தெரிய வேண்டும். கையெல்லாம் மை பூசினால் சேலையில் ஒட்டும் என்பதால், முழங்கைக்கு மேல் வரை வருகிற கை உறை தைத்து மாட்டிவிடலாம் என்று தீனதயாளன் யோசனை செய்தார். பனியன் ஊரில் அதுவா கஷ்டம்? கம்பெனிக்குச் சாயம் போட்டுத் தருகிற டையிங் ஆளுக்குப் போனில் செய்தி அனுப்பினார்: ‘கதாநாயகி கை உறைக்குத் துணி, ஸ்கின் கலர்.’ அவர் மனசில் நினைத்தது கதாநாயகியின் கறுப்புத் தோலை. டையிங்காரர் என்ன செய்வார்? ஸ்கின் என்று கேட்டதற்கு ஸ்கின்னைப் போட்டு அனுப்பினார். துணி வந்தது, அதே பாலில் நாலு சொட்டு டீத்தண்ணி. மயிலாளிடம் கொடுத்தார்கள், அவளும் ஒன்றும் பேசாமல் ஒரு ஜோடி தைத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் தீனதயாளன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். டையிங்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “எந்த ஊர்ல போய்க் கேளுங்க சார், ஸ்கின்னுன்னா அதுதானுங்க! உங்களுக்கு வேணுங்கறது ஸ்கின் இல்லீங்க, அது டார்க் பிரவுனுங்க. அதுக்கு சாம்பிள் வேணுமுங்க.”

அந்தப் பேச்சு முடியவும் இரண்டு பேரின் கண்ணும் ஒரே நேரத்தில் மயிலாளின் கையில் வந்து விழுந்தது.

அவளை டையிங் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று துணியை வைத்துப் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் அவள் கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள். பக்கத்தில் துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக வைத்து ஒத்துப் பார்த்தார் டையிங்காரர். மஞ்சள் விளக்கு, வெள்ளை விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டார். “இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏத்தணுமுங்க. கைய அசைக்காதீங்க அம்மிணி, சேடு மாறுது” என்றார். துணிகூட அவ்வளவு நேரம் அந்தப் பெட்டியில் கிடந்திருக்காது. கடைசியில் ஒன்று பொருந்தியது. ரொம்ப சந்தோஷமாக, துணித்துண்டின் மேல் பேனாவால் பெயர் எழுதினார்: ‘மயிலா டார்க்’.

வெளியே வந்து குழாயடியில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். அழுக்கு எதுவும் இல்லை, யாரோ நக்கின மாதிரி இருந்தது. தன் தோலையே அப்படித் தேய்க்கிறோமே என்று உறைத்ததும் அதுவும் அருவருப்பாகப் போய் சோப்பைக் கீழே வீசினாள்.

மயிலா டார்க் துணியில் இரண்டாவது ஜோடிக் கை உறையையும் அவள்தான் தைத்தாள். பிங்கியின் கைக்கு அளவெடுக்கப் போனபோது அந்தப் பெண் உறையைத் தடவிப் பார்த்து, மயிலாளின் கையையும் தடவிப் பார்த்து, “தீதீ, ஸேம் டு ஸேம்!” என்று வியந்துபோனது. அதன் மேல் கோபப்பட மயிலாளுக்கு மனசு வரவில்லை. கம்பெனி வாசலைத் தாண்டினால் அதை ‘இந்திக்காரி’ என்று கூப்பிட்டுக் காய்கறிக்கடைக்காரன்கூட மட்டு மரியாதை இல்லாமல் பேசுவான். மேடையில் மட்டும் மகாலட்சுமி.

ஒத்திகையில் கடைசிக் காட்சி வந்தபோதுதான் மயிலாளுக்கு முழு விஷயமும் புரிந்தது. திருந்திய புருஷன் ஒரு செம்புத் தண்ணீரும் வெள்ளைத் துண்டும் கொண்டு வருகிறான். துண்டை நனைத்து மனைவியின் முகத்தைத் துடைக்கிறான். கறுப்பு போய் உள்ளே இருக்கும் வெள்ளை வருகிறது. கை உறையையும் உருவுகிறான். வெளுத்த கைகள். அவள் ஜனங்களைப் பார்த்துச் சொல்கிறாள்: “பாருங்கள். இதுதான் என் நிஜ நிறம்!”

“மனசு வெள்ளைங்கறதைக் காட்டறமுங்க. சிம்பாலிக்குங்க” என்றார் தீனதயாளன். அவருக்கே கண் கலங்கியிருந்தது.

அதாவது, கறுப்பு என்பது பூசியிருக்கிற அழுக்கு. பொறுமையாக இருந்து, அடி வாங்கி, பணிவிடை செய்தால் புருஷன் வந்து கழுவிவிடுவான். இதுதான் எல்லாரும் சமம் என்று பையருக்கு வீடியோ அனுப்பப் போகிற நாடகம். இதற்குத்தான் அவள் மைக் பிடித்து, அந்த வரியைத் தன் குரலில், உருக்கமாக, ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்ததும் மயிலாள் பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தாள். வாய்க்குள் அந்த வரியின் வழுவழுப்பு அப்படியே நின்றது.

விழாவுக்கு முந்தின நாள், மேக்கப்போடு ஒரு முழு ஒத்திகை. கோயில் திருவிழா நாடகங்களுக்கு வேஷம் போடுகிற மகுடேஸ்வரனை வரவழைத்திருந்தார்கள். அவர் கொண்டு வந்த கறுப்பு மை எந்தக் காலத்து டப்பாவோ, மூடியைத் திறந்தால் ஷூ பாலிஷும் ஊசிப்போன எண்ணெயும் கலந்த ஒரு நாற்றம். பூசின கொஞ்ச நேரத்தில் பிங்கி கன்னத்தைப் பிராண்ட ஆரம்பித்தது. “தீதீ, ஜல்தா ஹை, தீதீ” என்று எரிச்சல் தாங்காமல் மயிலாளின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தது. கழுவிப் பார்த்தால் முகமெல்லாம் தடித்தடியாகச் சிவந்து, ஒரு கண் மூடியே போய்விட்டது. மறுநாள் காலையிலும் வீக்கம் வடியவில்லை. “ஒரு நாளைக்குப் பல்லைக் கடிச்சுக்கச் சொல்லுங்க” என்று தீனதயாளன் ஆள் அனுப்பினார். பிங்கி ஹாஸ்டல் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டது.

சாயந்தரம் விழா. பந்தலில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. வீடியோக்காரர் கேமராவை நிறுத்திவிட்டார். தீனதயாளன் வேர்த்து விறுவிறுத்து மயிலாளைத் தேடி வந்தார்.

“அம்மிணி, நீங்களே நின்னு மானத்தைக் காப்பாத்தணுமுங்க.”

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை இப்படியா வரும் என்று இருந்தது அவளுக்கு. மிச்சம் மீதியைத் தட்டில் வழித்துப் போட்ட மாதிரி. ஆனாலும் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு துள்ளல். வெட்கமாகத்தான் இருந்தது, அந்தத் துள்ளலை நினைத்து. நல்லானுக்குப் போன் போட்டாள். “வண்டிய எங்கிருந்தாலும் நிறுத்தீட்டு வா. இன்னைக்கு ஆளையும் பாக்கலாம்” என்றாள்.

சேலையை மாற்றிக்கொண்டு மேக்கப் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மகுடேஸ்வரன் டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்தது கறுப்பு இல்லை. அந்த வெளிறல். பாலில் நாலு சொட்டு.

“இது எதுக்குங்க?”

தீனதயாளன்தான் பதில் சொன்னார். “அடியில ஸ்கின் பூசிக்குவமுங்க. அது மேல கறுப்பு. கடைசில முருகேஷ் லேசாத் தொடைச்சா மேல இருக்கற கறுப்பு மட்டும் போயிரும், அடியில வெள்ளை தெரியும். கைக்கும் அப்படியே. மொதல்ல தப்பா வந்துச்சே அந்த ஸ்கின் உறை, அத மாட்டிக்கிட்டு அது மேல இந்த டார்க்கை மாட்டிக்குங்க. பாருங்க, அந்தத் துணியும் வீணாப் போகலை.”

“மேல பூசற கறுப்பு எதுக்குங்க? நான் கறுப்புத்தானுங்களே.”

மகுடேஸ்வரன் அவள் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். “உங்க கறுப்பு மேடைக்குப் பத்தாதுங்க. சனங்களுக்குப் பாத்தவொடனே ஐயோன்னு இருக்கணும். உங்களப் பாத்தா அப்படித் தோணலீங்க. லட்சணமா இருக்கறீங்க.”

முதல் தடவையாக ஒருத்தர் அவளை லட்சணம் என்று சொன்னார், அதையும் ஒரு குறையாகச் சொன்னார். மயிலாள் எழுந்து போயிருப்பாள். ஒரு காலைத் தரையில் ஊன்றியும்விட்டாள். அப்போது கடைசிக் காட்சி அவள் நினைவுக்கு வந்தது. செம்பு, தண்ணீர், துண்டு. மறுபடி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “பூசுங்க” என்றாள்.

ஈரமான பஞ்சு முகத்தில் இழுத்துக்கொண்டு போனது. ஸ்கின் ஒரு பூச்சு. காய்ந்ததும் அதன் மேல் அந்த நாற்றம் பிடித்த கறுப்பு. கையில் ஒரு உறை, அதன் மேல் இன்னொரு உறை. தான் தைத்த தையல்கள் தன் கையையே அறுத்தன. கண்ணாடியில் பார்த்தால் கான்டீன் டி.வி.யில் இளித்த அந்த மூஞ்சி, இளிப்பு மட்டும் இல்லை. எழுந்து மேடைக்குப் போனாள்.

நாடகம் நன்றாகவே நடந்தது. மைக்கே தேவைப்படவில்லை. அவள் வாயைத் திறந்ததும் பந்தலின் கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். முருகேஷ் “கரிச்சட்டி” என்று வசனம் பேசினபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் நல்லான் நின்றுகொண்டு, மேடையில் இருக்கிற எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பெண்டாட்டியை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை, குரலை வைத்துத் தேடுகிறான் என்று மயிலாளுக்குப் புரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

கடைசிக் காட்சி. முருகேஷ் செம்பும் துண்டுமாக வந்தான். துண்டை நனைத்து லேசாகத் துடைத்தான், சொல்லிக் கொடுத்தபடியே. கறுப்பு வழிந்து இறங்கியது, உள்ளே வெளிறல் தெரிந்தது. பந்தல் கைதட்டியது. விசில் பறந்தது. மேல் உறையை உருவினான், ஸ்கின் கைகள். இன்னும் கைதட்டல். ஒரு டப்பா மாவுக்கு இவ்வளவு கைதட்டலா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மேடையின் பக்கவாட்டிலிருந்து தீனதயாளன், வசனம், வசனம் என்று கையைக் காட்டினார்.

மயிலாள் வசனத்தைச் சொல்லவில்லை. முருகேஷின் கையிலிருந்து துண்டைப் பிடுங்கினாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் முழுதாக முக்கினாள். நெற்றியில் ஆரம்பித்து, கண், மூக்கு, கன்னம், தாடை, கழுத்து என்று அழுத்தித் துடைத்தாள். திருப்பி மடித்து மறுபடி துடைத்தாள். கைதட்டல் ஒவ்வொரு பக்கமாகக் குறைந்து நின்றது. “அய்யோ, மறுக்காக் கறுத்துப் போச்சே!” என்று முன்வரிசையில் ஒரு பொம்பளை பதறினாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். வலது கையிலிருந்த ஸ்கின் உறையைப் பல்லால் கடித்து இழுத்தாள், இடது கையிலிருந்ததை உருவிக் கீழே போட்டாள். முருகேஷ் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றான்.

ஈரம் சொட்டச் சொட்ட மேடையின் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய மூக்கு இரண்டு பக்கமும் மடிந்திருந்தது, மேலுதடு தூக்கியிருந்தது. இப்போது நல்லானுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். அவள் வசனத்தைச் சொன்னாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, தீனதயாளன் எழுதின அதே வரி.

“பாருங்கள். இதுதான் என் நிஜ நிறம்.”

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். யாருக்குக் கைதட்டுவது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. திரை அவசர அவசரமாக வந்து விழுந்தது.

தீனதயாளன் ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனாலும் மரியாதை குறையவில்லை. “ஏனுங்க அம்மிணி, நல்லாப் போயிட்டிருந்த நாடகத்தை இப்படிக் கெடுத்துப்போட்டீங்களே! பையருக்கு நான் என்னத்தங்க அனுப்பறது?”

மயிலாள் துண்டைப் பார்த்தாள். கறுப்பு மையும் வெளிறல் மாவும் ஒன்றோடொன்று குழம்பி, எந்த மனுஷத் தோலிலும் இல்லாத ஒரு நிறத்தில் சொதசொதவென்று இருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டே அதை நன்றாகச் சுருட்டி அவர் கையில் வைத்தாள்.

“இத அனுப்புங்க சார். உங்க ரெண்டு ஸ்கின்னும் இதுல இருக்குதுங்க. என்னோடத நான் ஊட்டுக்குக் கொண்டு போறனுங்க.”